ஓவனுக்கு ஒரு கையெழுத்து

மார்ச் 11, செவ்வாய்.

செய்தது: வீட்டுப்பாடம். மின்பெட்டியில் உள்ள ஆறு பிரேக்கர்களையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்து, எது எதற்கு என்று பெயர்ச்சீட்டு ஒட்டினேன்.

தவறு: ஐந்துக்குத்தான் விடை கிடைத்தது. ஆறாவதை அணைத்தபோது வீட்டில் எதுவும் நிற்கவில்லை. ‘தெரியவில்லை’ என்று எழுத வெட்கமாக இருந்தது. ‘தேவையில்லை’ என்று எழுதி, அணைத்தே வைத்துவிட்டேன்.

சீட்டு மிச்சம்: பன்னிரண்டு. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா கேட்டார், ஆறு கொடுத்தேன்.

நாளைய வேலை: ஒன்றும் இல்லை.

இதில் முதலில் பொய்த்துப்போனது அந்தக் கடைசி வரிதான்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு அக்கா ஓவனின் குமிழைத் திருப்பினாள். திருப்பியதும் உள்ளே ஒரு மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை. இன்னொரு குமிழைத் திருப்பினாள். கதவைத் திறந்து மூடினாள். பிறகு, சண்டை போட்டுக்கொண்டவர்களை மறுபடி பேசவைப்பது போல, அதன் பக்கவாட்டில் மெல்ல இரண்டு தட்டுத் தட்டினாள். ஓவன் வாய் திறக்கவில்லை.

சமையலறை வாசலில் பல் துலக்கிக்கொண்டே நின்ற சின்னவள் கூடத்து மின்பெட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வீட்டில் அவளைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். பகலில் மருந்துக்கடையில் மாத்திரை எண்ணிக் கொடுக்கும் வேலை. எண்ணியதை மறுபடி எண்ணுவாள்; வாங்கியவர் படியிறங்கிய பிறகு மனதுக்குள் மூன்றாவது முறை எண்ணுவாள். மாலையில் வீட்டு வயரிங் வகுப்பு. அந்த வகுப்பில் எல்லோரும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு செய்தது, தவறு, நாளைய வேலை என்று தினமும் எழுத வேண்டும். மற்றவர்கள் ‘தவறு’ என்ற இடத்தில் கோடு கிழித்துவிடுவார்கள். சின்னவளுக்கு அங்கேதான் பக்கம் போதாது.

“என்ன, எழுந்திருக்க மாட்டேங்குதா?” என்று அத்தான் வந்தார். அக்காவின் கணவர். அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். அடுத்தவர் பிழையைக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறவர் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தத் தொழிலை விடுவதில்லை. குனிந்து ஓவன்மேல் காதை வைத்துக் கேட்டார். நிமிர்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“பன்னெண்டு வருஷம் உழைச்சிருக்கு. நிம்மதியா போகட்டும் விடு.”

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. வராததற்குக் காரணம் சனிக்கிழமை. அடுத்த தெருவில் புது நூலகம் திறக்கிறார்கள். மாலை நான்கு மணிக்கு நூற்றிருபது சின்னக் கேக்குகள் அங்கே போய்ச் சேர வேண்டும். இதுவரை அவள் தெரிந்தவர் வீட்டுப் பிறந்தநாளுக்குச் சுட்டுக் கொடுத்தவள்தான். முதல் பெரிய ஆர்டர் இது. சரியாக முடித்துக் கொடுத்தால் நூலகத்தின் தேநீர் அறைக்கு வாரா வாரம் அவளே போடலாம் என்று சொல்லியிருந்தார்கள். முடியாவிட்டால் தெருமுனைப் பேக்கரி காத்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பேக்கரிக்காரர் கொஞ்ச நாளாக அக்காவைப் பார்த்தால் தேவைக்கு மேல் சிரிக்கிறார்.

சின்னவள் வாயில் நுரையோடு நழுவிக் கூடத்துக்குப் போனாள். மின்பெட்டியைத் திறந்தாள். ஆறாவது பிரேக்கர், அவள் கையெழுத்தில் ‘தேவையில்லை’ என்ற சீட்டைத் தாங்கிக்கொண்டு, தலைகுனிந்து கிடந்தது. நேற்று எல்லாவற்றையும் சோதித்தவள் ஓவனை மட்டும் சோதிக்கவில்லை. அதன் ப்ளக் பெரிய அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது. சமையலறை என்று எழுதினால் ஓவனும் அதில் அடக்கம்தானே என்று விட்டுவிட்டாள். அதுதான் இதுவா? பிரேக்கரை மேலே தள்ளினாள். ஓடிவந்து வாயைக் கொப்பளித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல, “இன்னொரு தடவ போட்டுப் பாரேன்க்கா” என்றாள்.

அக்கா போட்டுப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

தன்னால் இல்லை என்ற நிம்மதி சின்னவளுக்கு அரை நிமிடம் இருந்தது. பிறகு, எதனால் என்ற கவலை வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

மதியத்துக்குள் அக்கா கடைக்குப் போய்ப் புது ஓவனே சொல்லிவிட்டு வந்துவிட்டாள். பழையதைவிடப் பெரியது. வெள்ளிக்கிழமை கொண்டுவந்து மாட்டுவார்கள். கூடவே ஒரு படிவமும் கொடுத்திருந்தார்கள். ஓவனுக்குத் தனி லைன் உண்டா, வயர் எவ்வளவு பருமன், பிரேக்கர் எத்தனை ஆம்பியர், எர்த் சரியாக இருக்கிறதா என்று வரிசையாகக் கேள்விகள். கடைசியில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே ‘வயரிங்கைச் சோதித்தவர் கையெழுத்து’. அது இல்லாமல் கடைக்காரர்கள் ஓவனைத் தொட மாட்டார்களாம். தெருவில் இருக்கிற ஒரே எலக்ட்ரீஷியன், திங்கட்கிழமைக்கு முன்னால் தன்னால் தலைகாட்ட முடியாது என்று சொல்லிவிட்டார்.

“நம்ம வீட்லயே ஒருத்தி படிக்கிறா. வெளியாள் எதுக்கு?” என்றாள் அக்கா.

“படிக்கிறா, சரி. மூணாவது பாடம்தானே ஆகுது” என்றார் அத்தான்.

“நாலாவது, அத்தான்.”

“மன்னிச்சுக்கோ, இன்ஜினியரம்மா. அச்சுப்பிழை.”

சின்னவள் படிவத்தை வாங்கி மடித்து நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்தாள். அக்கா அவளை நம்பி எதையாவது கொடுப்பது இதுதான் முதல் தடவை. உப்புக்கூட அவள் போட்டால் அக்கா ருசி பார்த்துவிட்டுத்தான் இறக்குவாள்.

மாலை வகுப்புக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டு வாசலில் தையல்காரம்மா நின்றிருந்தார். இரண்டும் ஒரு காலத்தில் ஒரே வீடு. உரிமையாளர் நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கி, இரண்டு குடித்தனம் வைத்துவிட்டார். சுவருக்கு இந்தப் பக்கம் இவர்கள் சமையலறை, அந்தப் பக்கம் அவருடையது. தனியாக இருப்பவர். ஊசியில் நூல் கோக்கிற கவனத்தோடுதான் எதையும் கேட்பார். செவ்வாய்க்கிழமை சின்னவள் சீட்டு ஒட்டிய பெருமையில் மின்பெட்டியைப் பற்றிப் பத்து நிமிடம் பிரசங்கம் செய்தபோது, தெருவிலேயே கொட்டாவி விடாமல் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

“இந்த அயர்ன் பாக்ஸ் படுத்துது கண்ணு” என்றார். “நேத்து சாயங்காலம் அப்படியே படுத்துருச்சு. காலையில பாத்தா தானா எழுந்து உக்காந்திருக்கு. உனக்கு நேரம் கிடைக்கும்போது ஒரு பார்வை பாரு. உனக்குத் தெரியாததா.”

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சின்னவள் வகுப்புவரை சுமந்துகொண்டு போனாள். நோட்டில் ‘தையல்காரம்மாவின் இஸ்திரிப்பெட்டி: பிறகு’ என்று குறித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை மருந்துக்கடையில் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்தாள். அத்தானும் அவளுமாக அலமாரியை நகர்த்தினார்கள். பன்னிரண்டு வருடத் தூசிக்கு நடுவே ஓவனின் பெரிய ப்ளக் பாயின்ட் தெரிந்தது. டெஸ்டரை வைத்தாள். எரியவில்லை. டெஸ்டர் கெட்டிருக்கும் என்று கூடத்துக்குப் போய் வைத்துப் பார்த்தாள், எரிந்தது. திரும்பி வந்தாள், எரியவில்லை. தான்தான் தவறாகப் பிடிக்கிறோமோ என்று மறுபடி கூடத்துக்குப் போனாள். ஐந்தாவது நடையில் அத்தான் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

“பாயின்ட்டுக்கே கரண்ட் வரல, அத்தான். ஓவன்ல கோளாறு இல்லாமக்கூட இருக்கலாம்.”

“அதாவது நோயாளி சாகல. ஆக்சிஜன் குழாயத்தான் யாரோ மிதிச்சுக்கிட்டு நிக்கிறாங்க.”

“அப்படித்தான் நினைக்கிறேன். நிச்சயமாச் சொல்ல முடியாது.”

“எதத்தான் நீ நிச்சயமாச் சொல்லியிருக்க?”

ஓவனைக் கழற்றி வேறு இடத்தில் செருகிப் பார்த்திருந்தால் நிச்சயமாகத் தெரிந்திருக்கும். ஆனால் அது சுவர் அலமாரிக்குள் நான்கு திருகாணிகளால் பூட்டப்பட்டிருந்தது. நான்கும் துருப்பிடித்து மரத்தோடு மரமாக ஒட்டிப்போயிருந்தன. அத்தான் ஒன்றைத் திருகினார். திருகாணி அசையவில்லை, திருப்புளியின் நுனி மழுங்கியது. எப்படியும் புதுசு வருகிறது, செத்ததைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போக வேண்டாம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அவர் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். படித்த தாள்களை வைக்க இடமில்லாமல் பழைய ஓவனுக்குள்ளேயே அடுக்கினார்.

வயர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் போதும் என்று சின்னவள் நினைத்தாள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ப்ளக் பாயின்ட்டின் மூடியைக் கழற்றினாள். வயர் நல்ல பருமன்தான். எர்த்தும் இருந்தது. ஆனால் அது நேரே சுவருக்குள் போய் மறைந்துவிட்டது. சுவருக்குள் மேலே திரும்பியிருக்க வேண்டும் என்று ஊகித்து, ஏணி போட்டு, வயர்கள் கூடிப் பிரியும் வட்டப் பெட்டியின் மூடியை நெம்பினாள். நான்கு முறை சாயம் பூசிய மூடி. அது வராமல் அதைச் சுற்றியிருந்த பூச்சு வந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, பூச்சும் தூசியும் ஒரு குட்டிப் பல்லியும் கீழே இறங்கின. கீழே, அக்கா சலித்து வைத்திருந்த நான்கு கிலோ மாவு இருந்தது.

ஒருவழியாக மூடி வந்தபோது, பெட்டிக்குள் ஓவன் வயர் இல்லை.

எல்லாம் மாட்டி முடித்து மெயினைப் போடுவதற்குள் ஒன்றரை மணி நேரம் ஓடியிருந்தது. அதற்குள் குளிர்பெட்டியில் வெண்ணெய் இளகி, அடித்து வைத்த க்ரீம் உட்கார்ந்துவிட்டது. அக்கா மாவை எடுத்துக் குப்பையில் கொட்டினாள். அவள் திட்டியிருந்தால் சின்னவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

சத்தம் கேட்டு வந்த தையல்காரம்மாதான் வெண்ணெயையும் க்ரீமையும் சில்லென்று இருந்த தன் குளிர்பெட்டிக்கு எடுத்துப்போனார். போகிற போக்கில், அயர்ன் பாக்ஸ் இன்றைக்கும் மக்கர் பண்ணியது, இனி அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான் என்று புலம்பினார். சின்னவள் தலையாட்டினாள். காதில் விழுந்ததே தவிர உள்ளே இறங்கவில்லை. அவள் தலைக்குள் நான்கு கிலோ மாவு இருந்தது.

வெள்ளிக்கிழமை புது ஓவன் வந்தது. கொண்டுவந்த இருவரும் படிவத்தைக் கேட்டார்கள். சின்னவள் பேனாவைத் திறந்தாள். தனி லைன் உண்டு என்று எழுதலாம். அதில் மின்சாரம் இல்லை என்பதை எங்கே எழுதுவது? பேனாவை மூடினாள். மறுபடி திறந்தாள்.

“போட்டுடேன்” என்றாள் அக்கா, மெல்ல.

“என்ன கோளாறுன்னு தெரியாம போட முடியாதுக்கா.”

வந்தவர்கள் பழைய ஓவனின் திருகாணிகளை ஒரு பார்வை பார்த்தார்கள். புதியதைச் சமையல் மேசைமேல் வைத்தார்கள். கையெழுத்து ஆனதும் சொல்லியனுப்பச் சொல்லிவிட்டு, தேநீர்கூட வேண்டாமென்று போய்விட்டார்கள். அக்கா அந்த ஓவனின் கண்ணாடிக் கதவில் தன் முகத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள்.

“நாளைக்கு நாலு மணி” என்றாள்.

சின்னவள் கணக்கில் இறங்கினாள். ஓவன் மூவாயிரம் வாட். இருநூற்று முப்பதால் வகுத்தால் பதின்மூன்று ஆம்பியர். நான்கு முறை வகுத்தாள். மூன்று முறை பதின்மூன்று வந்தது. ஒரு முறை நூற்று முப்பது வந்து உயிரை வாங்கியது. புள்ளியைத் தேடிப் பிடித்தாள். சமையலறை மூலையில், துணி துவைக்கும் இயந்திரத்துக்கென்று ஒரு பாயின்ட் இருந்தது. பதினாறு ஆம்பியர் லைன். குளிர்பெட்டியும் அதில்தான். இயந்திரத்தை நிறுத்திவிட்டால் ஓவன் தாங்கும். ஒரு நாளைக்குத்தானே.

மாலையில் வெள்ளோட்டம். புது ஓவன் உறுமி, சிவந்து, சூடேறியது. அக்கா இரண்டு நாட்களில் முதல்முறையாகச் சிரித்தாள். அந்தச் சந்தோஷத்தைக் கொண்டாட அத்தான் பக்கத்துப் பாயின்ட்டில் கெட்டிலை மாட்டி, மூவருக்கும் தேநீர் போட்டார். நீர் கொதிப்பதற்குள் பிரேக்கர் டப்பென்று விழுந்தது.

அன்றிலிருந்து சமையலறையில் தேநீருக்குத் தடை. சின்னவள் கெட்டிலின் கைப்பிடியில் ஒரு சீட்டே ஒட்டிவிட்டாள். அத்தான் அந்தச் சீட்டை இரண்டு தடவை படித்தார்.

“எழுத்துப்பிழை இல்ல. அதான் வருத்தமா இருக்கு” என்றார்.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு முதல் நாற்பது கேக்குகள் உள்ளே போயின. அக்கா கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு நின்றாள். நாற்பதும் ஒரே சீராக உப்பி எழுந்துகொண்டிருந்தன. சின்னவள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ப்ளக்கைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். முதல் தடவை வெதுவெதுப்பு. இரண்டாவது தடவை கையை உதறிக்கொண்டாள். பிளாஸ்டிக் கருகுகிற மணம் லேசாக வந்தது.

அவள் சுவிட்சை அணைத்தாள்.

“என்ன பண்ற?” என்றாள் அக்கா.

“ப்ளக் சுடுது.”

“ஓவன்னா சுடத்தான் செய்யும்.”

“ஓவன் சுடலாம்க்கா. ப்ளக் சுடக் கூடாது. அந்தப் பாயின்ட் உள்ள தளர்ந்திருக்கு. இதுக்கு மேல ஓட்டினா பத்திக்கும்.”

“இன்னும் எட்டு நிமிஷம்தான்டி.”

“பத்திக்கிறதுக்கு எட்டு நிமிஷம் வேண்டாம்.”

கண்ணாடிக்குப் பின்னால் நாற்பது கேக்குகளும் மெல்ல மூச்சை விட்டு, ஒவ்வொன்றாகத் தட்டையாகிப் பெரிய காசுகள் போலப் படுத்தன. அக்கா முக்காலியில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்; வியர்வையா வேறொன்றா என்று சின்னவள் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை. அத்தான்கூட வாயைத் திறக்கவில்லை. அதுதான் வீட்டின் நிலைமை எவ்வளவு மோசம் என்பதைக் காட்டியது.

வெண்ணெயைத் திருப்பிக் கொடுக்க வந்த தையல்காரம்மா மூன்று முகங்களையும் பார்த்தார். விஷயத்தைக் கேட்டார்.

“இதுக்கா இப்படி உக்காந்திருக்கீங்க? எங்க சமையலறையிலயும் இதே மாதிரி பெரிய பாயின்ட் இருக்கே. அயர்ன் பாக்ஸுக்குத்தான் வச்சிருக்கேன். தூக்கிட்டு வாங்க.”

மணி ஒன்பதரை. நால்வரும் நான்கு மூலையைப் பிடித்துத் தூக்கினார்கள். ஓவன் வாசலில் ஒருமுறை சிக்கியது, தையல்காரம்மா வீட்டு வாசலில் ஒருமுறை சிக்கியது. இரண்டாவது முறை சிக்கியபோது அத்தான் உள்ளே மாட்டிக்கொண்டார். அவரை வெளியே எடுக்க ஓவனைப் பின்னால் நகர்த்த வேண்டியிருந்தது. கடைசியில் தையல்காரம்மாவின் வெட்டுமேசைமேல், துணிகளை ஒதுக்கிவிட்டு, அதை இறக்கினார்கள். அக்கா புது மாவு ஊற்றிய தட்டுகளோடு தயாராக நின்றாள். அத்தான் ப்ளக்கைக் கையில் எடுத்தார்.

“ஒரு நிமிஷம்” என்றாள் சின்னவள். “இந்த லைன் எந்தப் பிரேக்கர்ல வருது, எத்தனை ஆம்பியர்னு பாத்துட்டுச் செருகலாம்.”

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

“இவ பாத்து முடிக்கிறதுக்குள்ள நூலகத்தத் திறந்து, புத்தகத்தையெல்லாம் படிச்சு முடிச்சு, மூடிடுவாங்க” என்றார் அத்தான்.

“அவ பாக்கட்டும் தம்பி” என்றார் தையல்காரம்மா. “அவ சொன்னா அதுல அர்த்தம் இருக்கும்.”

மின்பெட்டி கூடத்தில் இருந்தது. டெஸ்டரைச் சமையலறைப் பாயின்ட்டில் செருகி அத்தானைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, சின்னவள் பெட்டியின் கதவைத் திறந்தாள். உள்ளே ஆறு பிரேக்கர். அவற்றின் கீழே சின்னச்சின்னச் சீட்டுகள், தையல் போட்டது போன்ற குண்டு எழுத்தில். அவள் நெஞ்சு ஒரு கணம் பூரித்தது. தன் பேச்சைக் கேட்டு இந்த உலகத்தில் ஒருவர் ஒரு காரியம் செய்திருக்கிறார்.

முதல் பிரேக்கரை அணைத்தாள்.

“எரியுது” என்று குரல் கொடுத்தார் அத்தான்.

இரண்டாவது. “எரியுது.” மூன்று, நான்கு. “எரியுது, எரியுது.” ஐந்தாவதையும் அணைத்தாள். கூடத்து விசிறி நின்றது, விளக்கு அணைந்தது, குளிர்பெட்டி ஒரு பெருமூச்சோடு அடங்கியது.

“இன்னும் எரியுது.”

“நல்லா பாருங்க, அத்தான்.”

“கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் பாக்குறேன்.”

சின்னவள் மெயினையே அணைத்தாள். வீடு முழுவதும் மூச்சை நிறுத்தியது. அவள் சமையலறைக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். அத்தானின் கையில் டெஸ்டரின் குட்டிச் சிவப்பு விளக்கு, யாருக்கும் கட்டுப்படாமல், சமர்த்தாக எரிந்துகொண்டிருந்தது. நான்கு பாடத்தில் ஒன்றில்கூட இப்படி ஒரு அதிசயம் வரவில்லை. இத்தனை நாளும் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தவள் முதன்முறையாக மின்சாரத்தைச் சந்தேகித்தாள்.

மெதுவாகப் பெட்டிக்குத் திரும்பி வந்தாள். கைபேசி வெளிச்சத்தைப் பிடித்து, சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். கூடம். படுக்கையறை. தையல் மெஷின். குளிர்பெட்டி. குளியலறை. ஆறாவது பிரேக்கர் முன்பே அணைந்துதான் கிடந்தது. அதன்மேல் குறுக்காக ஒட்டுநாடா, இரண்டு சுற்று. கீழே இருந்த சீட்டில் ‘தேவையில்லை’ என்று எழுதியிருந்தது.

“ஆன்ட்டி” என்றாள். “இது எப்போ அணைச்சீங்க?”

தையல்காரம்மா கைகளைக் கட்டிக்கொண்டு, பாராட்டை எதிர்பார்க்கும் முகத்தோடு நின்றார்.

“செவ்வாக்கிழமையே கண்ணு. நீ சொல்லிக்குடுத்த மாதிரி ஒண்ணொண்ணா அணைச்சுப் பாத்தேன், இது மட்டும் எதுக்குமே இல்ல. உங்க வீட்ல நீ எழுதின மாதிரியே எழுதி, யாரும் கைதவறிப் போட்டுடக் கூடாதேன்னு டேப்பும் சுத்திட்டேன்.”

மார்ச் 15, சனி.

செய்தது: தையல்காரம்மா வீட்டு மெயினைப் போட்டு, டேப்பைப் பிரித்து ஆறாவது பிரேக்கரையும் போட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் பழைய ஓவனில் மஞ்சள் விளக்கு எரிந்தது. அத்தான் ஓடிப்போய்த் தன் செய்தித்தாள்களை வெளியே எடுத்தார். இங்கே புது ஓவன், அங்கே பழைய ஓவன், நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவர் வைத்தபோது இரண்டு லைனும் பெட்டி மாறியிருக்கின்றன. இரண்டையும் சோதித்த பிறகே ஓட்டினோம். இரண்டுமே இருபது ஆம்பியர், ப்ளக் எதுவும் சுடவில்லை. மூன்று நாற்பதுக்கு நூற்றிருபது கேக்கும் நூலகம் போய்ச் சேர்ந்தன. அடுத்த வாரத்துக்கும் சொல்லியிருக்கிறார்கள். தட்டையான நாற்பதையும் அத்தான் ஒருவரே தின்று தீர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார், தேநீர் அனுமதித்தால்.

தவறு: ஆறாவது சீட்டு. இரண்டு வீட்டிலும்.

நாளைய வேலை: எங்கள் பெட்டியில் ஆறாவது சீட்டைக் கிழித்துவிட்டு ‘தையல்காரம்மாவின் இஸ்திரிப்பெட்டி’ என்றும், அவர் பெட்டியில் ‘அக்காவின் ஓவன்’ என்றும் எழுதி ஒட்ட வேண்டும். திங்களன்று எலக்ட்ரீஷியன் வந்து வயர்களை மாற்றும்வரை படிவத்தில் கையெழுத்துப் போடக் கூடாது.